முதல் மிட்ரேஞ்ச் டிஸ்க்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து கூடையில் போடும் டிஸ்க் கோல்ஃப் ஆடத் தொடங்கும் எவரும் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "டிரைவரைத் தொடாதே, முதலில் ஒரு மிட்ரேஞ்ச் வாங்கு." இரண்டும் டிஸ்க் வகைகள்; டிரைவர் நெடுந்தூர எறிக்கானது. நல்ல அறிவுரைதான். ஆனால் ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நடுத்தூரம் போவதால்தான் அந்தப் பெயர் என்பார் ஒருவர். மெதுவாகப் போகும், அதனால் எளிது என்பார் இன்னொருவர். டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண் சின்னதாக இருந்தால் போதும் என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவற்றை மட்டும் நம்பிக் கடைக்குப் போனால், முப்பது வகை மிட்ரேஞ்சுகள் அடுக்கியிருக்கும் சுவருக்கு முன் நின்று நிறத்தைப் பார்த்துத்தான் எடுத்து வருவீர்கள்.

நான் அந்த அளவுக்குக்கூட விசாரிக்கவில்லை. "நல்ல தூரம் போகும்" என்று கடையில் எடுத்துக் கொடுத்த ஒரு டிரைவரோடு தொடங்கினேன். மூன்று மாதம் எறிந்தேன். எப்படி எறிந்தாலும் இடப்பக்கமே சாய்ந்து புதரில் விழுந்தது. என் கையில் என்ன தவறு என்பது அந்த மூன்று மாதமும் எனக்குத் தெரியவே இல்லை. அப்புறம் உடன் ஆடிய நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய மிட்ரேஞ்சைக் கொடுத்து எறியச் சொன்னார். ஒரே மாலையில் தெரிந்துவிட்டது. ஒரு டிஸ்க் மறைத்ததை இன்னொரு டிஸ்க் எப்படிக் காட்டியது? அதைப் புரிந்துகொண்டால் முதல் மிட்ரேஞ்சைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

ஆட்டம் என்ன?

கோல்ஃப் போலத்தான். பந்துக்கும் மட்டைக்கும் பதிலாக டிஸ்க். குழிக்குப் பதிலாக, கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகள் தொங்கும் ஓர் இரும்புக் கூடை. இதைப் பாஸ்கெட் என்பார்கள். தொடங்கும் இடத்திலிருந்து எத்தனை குறைந்த எறிகளில் பாஸ்கெட்டுக்குள் டிஸ்க்கைப் போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு.

இன்றைக்கு நாம் அறிந்த ஃபிரிஸ்பீ நிலையாகப் பறக்கக் காரணமான வடிவத்தை 1960களில் உருவாக்கிக் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக்தான் இந்த ஆட்டத்துக்கும் உருக்கொடுத்தவர். 1975இல் கலிஃபோர்னியாவின் லா கன்யாடா ஃப்ளின்ட்ரிட்ஜில், ஓக் குரோவ் பூங்காவில் அவர் அமைத்ததுதான் முதல் நிரந்தர மைதானம். அடுத்த ஆண்டே ஆட்டக்காரர்களுக்கான சங்கத்தையும் தொடங்கினார். அதுதான் இன்று உலகெங்கும் போட்டி விதிகளை வகுக்கும் பிடிஜிஏ. அமெரிக்காவில் பிறந்த இந்த ஆட்டம் இப்போது பின்லாந்திலும் எஸ்தோனியாவிலும் ஊர்ப் பூங்காக்கள்தோறும் ஆடப்படுகிறது.

ஆரம்பத்தில் எல்லாரும் எறிந்தது சாதாரண ஃபிரிஸ்பீ மாதிரியான தட்டுகளைத்தான். 1983இல் டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சரிவாகச் சீவியதுபோல ஒரு டிஸ்க்கை வடிவமைத்தார். இன்னோவா நிறுவனம் அதிலிருந்து தொடங்கியது. அந்தச் சரிந்த விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. பாஸ்கெட்டுக்கு அருகிலிருந்து போடும் புட்டர், மிட்ரேஞ்ச், டிரைவர் என்ற இன்றைய பிரிவுகள் எல்லாம் அந்த விளிம்பிலிருந்து கிளைத்தவை.

பிரிப்பது தூரம் இல்லை, விளிம்பு

ஒரு டிஸ்க்கைக் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்தைச் சுற்றிக் கனமான ஒரு வளையம் இருக்கும். விரல்கள் பற்றும் இடம் அது, பெயர் ரிம். புட்டரில் இதன் அகலம் ஏறத்தாழ 1 செ.மீ.; முனை மழுங்கியிருக்கும். தூரத்துக்கான டிரைவர்களில் 2 செ.மீ.க்கு மேல், முனை கத்தி வாய் போல ஒடுங்கியிருக்கும். மிட்ரேஞ்ச் இடையில், 1.2 முதல் 1.4 செ.மீ. வரை.

அகன்ற, கூர்மையான ரிம் உள்ள டிஸ்க் காற்றில் குறைந்த தடையோடு போகும். அப்படியானால் எல்லாருக்கும் டிரைவர்தானே நல்லது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கியர் வைத்த சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய கியர் வேகத்துக்கானதுதான். ஆனால் மேட்டில் ஏறும்போது அதைப் போட்டுப் பாருங்கள். அந்தக் கியரைச் சுற்ற வைக்கும் பலம் காலில் இல்லையென்றால் வேகம் கூடாது; சைக்கிள் தள்ளாடிச் சாயும். டிரைவரும் அப்படித்தான். அது எந்த வேகத்துக்காக வார்க்கப்பட்டதோ அந்த வேகத்தில் கையை விட்டுப் புறப்பட்டால்தான் அதன் குணம் வெளியே வரும். புதிதாக ஆடுபவரின் கையில் அந்த வேகம் இருக்காது. அவர் எறியும்போது டிரைவர் தன் பயணத்தின் கடைசிப் பகுதியை மட்டும், அதாவது சாய்ந்து விழுவதை மட்டும், செய்து காட்டும்.

சுருங்கச் சொன்னால், மிட்ரேஞ்ச் என்பது ரிம்மின் அகலத்தையும் முனையின் வடிவத்தையும் வைத்துப் பிரிக்கப்பட்ட வகை. சாதாரணமான கை வேகத்திலேயே அது ஒழுங்காகப் பறக்கும்.

பம்பரத்திடம் கேட்போம்

இனி அடிப்படையான கேள்வி: நேராக எறிந்த டிஸ்க் ஏன் வளைகிறது?

சாட்டையைச் சுண்டிப் பம்பரம் விட்டவர்களுக்குப் பாதி விடை ஏற்கெனவே தெரியும். சுற்றாத பம்பரத்தைக் கொஞ்சம் சாய்த்தால் சாய்ந்த பக்கமே விழும். சுற்றும் பம்பரம் சாய்ந்தால் விழுவதில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பக்கவாட்டில் வட்டமிடும். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, பம்பரமோ பக்கவாட்டில் நகர்கிறது. சுழலும் எந்தப் பொருளுக்கும் இந்தக் குணம் உண்டு. அதை ஓர் இடத்தில் தள்ளினால், அந்தத் தள்ளலின் விளைவு அதே இடத்தில் தெரியாது. சுழலும் திசையில் கால் சுற்றுத் தள்ளித் தெரியும். ஆங்கிலத்தில் இதற்குப் பிரிசெஷன் என்று பெயர்.

இப்போது டிஸ்க்குக்கு வருவோம். வலக்கையால், உடலுக்குக் குறுக்கே கையைக் கொண்டுபோய், கதவைத் திறந்து வீசுவது போல எறிவதுதான் பேக்ஹேண்ட். பெரும்பாலானோர் முதலில் கற்பது இதை. இப்படி எறிந்தால் மேலிருந்து பார்க்கும்போது டிஸ்க் கடிகார முள் போலச் சுற்றும். இந்தக் கட்டுரையில் இடம், வலம் என்று சொல்வதெல்லாம் இந்த எறிக்குத்தான். இடக்கைக்காரர்கள் பேக்ஹேண்ட் எறியும்போது எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிக்கொள்ள வேண்டும்.

பறக்கும் டிஸ்க்கைக் காற்று தாங்குகிறது. ஒரு தாம்பாளத்தை ஒற்றை விரலில் தாங்குவது போல அந்தத் தாங்கல் முழுவதும் ஒரு புள்ளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விரல் சரியாக நடுவில் இருந்தால் தாம்பாளம் அசையாது. நடுவை விட்டு விலகினால் ஒரு பக்கம் தூக்கும். டிஸ்க்கிலும் அந்தப் புள்ளி நிலையாக ஒரே இடத்தில் இருப்பதில்லை, பறக்கும்போதே நகர்கிறது.

டிஸ்க் வேகமாக, தட்டையாகப் போகும்போது அந்தப் புள்ளி நடுவுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அப்போது காற்று டிஸ்க்கின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். ஆனால் இது பம்பரத்தின் உறவு; விளைவு கால் சுற்றுத் தள்ளித்தான் தெரியும். கடிகாரச் சுற்றில் பின்பக்கத்திலிருந்து கால் சுற்றுத் தள்ளினால் வருவது இடப்பக்கம். எனவே இடப்பக்கம் தூக்கிக்கொள்ளும், டிஸ்க் வலப்பக்கம் சாயும், வலப்பக்கம் வளையும். இந்தத் தொடக்க வளைவின் பெயர் டர்ன்.

கொஞ்ச தூரத்தில் வேகம் குறைகிறது. டிஸ்க் இறங்கத் தொடங்குகிறது. காற்று இப்போது அடியிலிருந்து கூடுதல் கோணத்தில் மோதுகிறது. தாங்கும் புள்ளி நடுவைத் தாண்டி முன்னே வருகிறது. முன்பக்கம் தூக்கப்படுகிறது, விளைவு வலப்பக்கத்தில் தெரிகிறது, வலப்பக்கம் உயர்ந்து டிஸ்க் இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது. இந்த முடிவு வளைவின் பெயர் ஃபேட்.

ஒரு நல்ல எறியை நின்று பார்த்தால் இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரியும்: முதலில் மெல்ல வலம், பிறகு நேர், கடைசியில் இடம். முதன்முறை அதைப் புரிந்து பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை "காற்று அடித்தது" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லா டிஸ்க்கும் ஒரே அளவு வளைவதில்லை, வார்ப்பைப் பொறுத்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியின் பக்கவாட்டில் அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடம் மெல்லிய கோடாகத் தெரியுமே, அதுபோல டிஸ்க்கின் முனையைச் சுற்றியும் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு உயரத்தில் இருந்தால் டிஸ்க் இடப்பக்கம் சாய்வதில் பிடிவாதமாக இருக்கும். தாழ்வாக இருந்தால் வலப்பக்கம் எளிதாகத் திரும்பும். வடிவமைப்பாளர்கள் மில்லிமீட்டர் கணக்கில் இதோடுதான் போராடுகிறார்கள்.

இதுவரை பார்த்தது: வேகத்தில் டர்ன், வேகம் குறைந்ததும் ஃபேட். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. தாங்கும் புள்ளி முன்னும் பின்னும் நகர்கிறது, சுழற்சி அதைப் பக்கவாட்டுச் சாய்வாக மாற்றுகிறது.

நான்கு எண்கள்

பெரும்பாலான டிஸ்க்குகளின் மேல் நான்கு எண்கள் இருக்கும். இன்னோவா கொண்டுவந்த முறை இது, மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ்ஸ்ஸ் என்ற மிட்ரேஞ்சில் 5, 4, -1, 1 என்று இருக்கும். (பேருந்து இல்லை, வண்டின் ரீங்காரம். பெயரிலேயே மூன்று இசட் எழுத்துகள்.)

முதல் எண் ஸ்பீடு. மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படும் எண் இதுதான். "ஸ்பீடு 12 என்றால் 5ஐ விட வேகமாகப் போகும்" என்றுதான் யாரும் நினைப்பார்கள். டிஸ்க் உங்களுக்கு வேகம் தராது. நீங்கள் அதற்கு எவ்வளவு வேகம் தர வேண்டும் என்று அது கேட்கும் அளவு இது. சைக்கிள் கியரின் எண் மாதிரி. மிட்ரேஞ்சுகள் 4, 5 என்ற எண்களில் இருக்கும். சில 6ஐத் தொடும். இன்னோவாவின் ஏவியார் என்ற புட்டருக்கு 2. அதே நிறுவனத்தின் டெஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு 12.

இரண்டாவது கிளைடு. எவ்வளவு நேரம் காற்றில் மிதக்கும் என்பது. சிறகடிக்காமல் வட்டமிடும் பருந்துக்கு நிறைய கிளைடு, கல்லுக்கு இல்லை. புதியவர்களுக்கு 4 அல்லது 5 இருந்தால் நல்லது, குறைந்த பலத்திலும் கொஞ்ச தூரம் கிடைக்கும்.

மூன்றாவது டர்ன், நான்காவது ஃபேட். மேலே பார்த்தவைதான். டர்ன் 0 என்றால் தொடக்கத்தில் வலப்பக்கம் திரும்பாது. -1, -2 என்று இறங்க இறங்க அதிகமாகத் திரும்பும். ஃபேட் 0 என்றால் முடிவிலும் ஏறத்தாழ நேராகவே இறங்கும். 3 என்றால் இடப்பக்கம் அழுத்தமாகக் கொக்கி போடும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பிடிஜிஏ ஒரு டிஸ்க்கைப் போட்டிக்கு அனுமதிக்கும்போது அதன் விட்டம், எடை, ரிம்மின் அகலம் போன்ற உடல் அளவுகளைத்தான் பார்க்கிறது. பறக்கும் எண்களைப் போடுவது அந்தந்த நிறுவனம். ஆகவே ஒரு நிறுவனத்தின் 5, 5, -1, 1 என்பதும் இன்னொன்றின் 5, 5, -1, 1 என்பதும் அச்சு அசலாக ஒன்றல்ல. எண்களை ஜாதகப் பொருத்தம் போலப் பார்க்காமல், தோராயமான அறிமுகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஸ்டேபிள்" என்ற சொல்லால் வரும் குழப்பம்

மைதானத்தில் காதில் விழும் மூன்று சொற்கள்: இடப்பக்கம் சாய்வதில் பிடிவாதமானது ஓவர்ஸ்டேபிள், வலப்பக்கம் எளிதில் திரும்புவது அண்டர்ஸ்டேபிள், இரண்டுக்கும் நடுவில் நேராகப் போவது ஸ்டேபிள். ஆனால் பேச்சில் பலர் ஓவர்ஸ்டேபிளையே "நல்ல ஸ்டேபிளான டிஸ்க்" என்று சொல்லிவிடுகிறார்கள். நேராகப் போகும் என்று நம்பி வாங்குபவர் கையில் இடப்பக்கக் கொக்கி வந்து சேருகிறது. யாராவது "ஸ்டேபிளானது" என்று பரிந்துரைத்தால், மூன்றாவது எண்ணையும் நான்காவது எண்ணையும் கேளுங்கள். 0, 3 என்றால் அவர் சொல்வது ஓவர்ஸ்டேபிள்.

எதற்கு நேரான மிட்ரேஞ்ச்?

என் டிரைவர் மூன்று மாதம் ஏன் எதையும் சொல்லித்தரவில்லை என்பதற்கு இப்போது பதில் இருக்கிறது. அதற்குத் தேவையான வேகம் என் கையில் இல்லை. எனவே டர்ன் என்ற பகுதியே நிகழவில்லை, நேரே ஃபேட்டுக்குப் போய்விட்டது. நான் சரியாக எறிந்தாலும் இடம், தவறாக எறிந்தாலும் இடம். கணக்கு சரியோ தவறோ எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் போடும் வாத்தியாரிடம் படிப்பது போல.

நண்பரின் மிட்ரேஞ்ச் வேறு மாதிரி. தானாக எந்தப் பக்கமும் பெரிதாக வளையாத டிஸ்க் வளைகிறது என்றால், அந்த வளைவு என் கையிலிருந்து வந்தது. டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தாழ்த்தி விட்டேன் என்றால் இடப்பக்கம் போனது. இந்தச் சாய்வுக்கு ஹைசர் என்று பெயர். வெளி விளிம்பு உயர்ந்திருந்தால் வலப்பக்கம் போனது, இது அன்ஹைசர். முன் விளிம்பை, அதாவது மூக்கை, தூக்கி விட்டால் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, கனமாகக் கீழே இறங்கியது. மணிக்கட்டை முறுக்கினால் டிஸ்க் படபடவென்று நடுங்கிக்கொண்டே புறப்பட்டு வலப்பக்கம் புரண்டது. ஒவ்வொரு தவறுக்கும் ஒவ்வொரு பாதை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, நான் எல்லா எறியிலும் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தேன் என்பது. டிரைவர் அதை ஃபேட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தது.

ஆகவே முதல் மிட்ரேஞ்சுக்கு என் கணக்கு இதுதான்: ஸ்பீடு 4 அல்லது 5, கிளைடு 4 அல்லது 5, டர்ன் 0 அல்லது -1, ஃபேட் 0 அல்லது 1. கை வேகம் ரொம்பக் குறைவு என்று தோன்றினால், குழந்தைகளுக்கு வாங்குகிறீர்கள் என்றால், டர்ன் -2 வரை போகலாம்.

அப்படியானால் புட்டர் இன்னும் நேராகப் போகுமே, அதிலேயே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தொடங்கலாம். தூரத்தைப் பற்றிக் கவலைப்படாத பொறுமைசாலிகளுக்கு அது நல்ல வழி. ஆனால் மழுங்கிய முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழந்துவிடும்; இலேசான காற்றுக்கும் அலையும். முழுக் கையையும் வீசிப் பழக மிட்ரேஞ்ச்தான் தோதானது என்பது என் அனுபவம்.

பெயர் சொல்லிப் பார்ப்போம்

பஸ்ஸ்ஸ் 2003இல் வந்தது. இருபது ஆண்டுகள் தாண்டியும் புதியவர் பையிலும் தொழில்முறை ஆட்டக்காரர் பையிலும் ஒருசேர இருக்கும் அபூர்வமான டிஸ்க். மெல்ல வலம், மெல்ல இடம், மொத்தத்தில் நேர். எதை வாங்குவது என்று யோசிக்கவே நேரமில்லை என்பவர் இதை எடுத்துக்கொள்ளலாம்.

இன்னோவாவின் மேக்கோ3 (5, 5, 0, 0) எண்ணிலேயே சொல்லிவிடுகிறது, எந்தப் பக்கமும் போகாது என்று. கை செய்யும் தவறை எந்தக் கருணையும் இல்லாமல் காட்டும். கற்றுக்கொள்ளவே வாங்குபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆக்சியம் நிறுவனத்தின் ஹெக்ஸ் (5, 5, -1, 1) பஸ்ஸ்ஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். கொஞ்சம் கூடுதலாக மிதக்கும். லாட்டிடியூட் 64 என்ற ஸ்வீடன் நிறுவனத்தின் ஃபியூஸ் (5, 6, -1, 0) இன்னும் மிதக்கும். பலம் குறைந்த கைகளுக்கு ஏற்றது.

இன்னோவாவின் ராக் (4, 4, 0, 3) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1987இல் வந்தது. 12 முறை உலகப் பட்டம் வென்ற கென் கிளைமோவின் பெயரிலேயே இதன் ஒரு பதிப்பு வந்தது. அருமையான டிஸ்க். ஆனால் புதிதாக இருக்கும்போது அதன் ஃபேட் 3. புகழைக் கேட்டு முதல் டிஸ்க்காக வாங்குபவர்கள் அதன் பிடிவாதத்தில் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கேட்டர் (5, 2, 0, 3) அதைவிடப் பிடிவாதம். இரண்டையும் பிறகு வாங்கலாம்.

கடையில் கையில் எடுக்கும்போது அடிவிளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். சிலவற்றில் வயல் வரப்பு போலச் சின்னதாக ஒரு மேடு சுற்றிவரும், இது பீடு. ராக்கில் உண்டு, பஸ்ஸ்ஸில் இல்லை. டிஸ்க்ராஃப்டின் வாஸ்ப் (5, 3, 0, 2) பஸ்ஸ்ஸின் உடன்பிறப்பு. முக்கியமான வித்தியாசம் இந்த வரப்புதான். அது ஒன்றே டிஸ்க்கை ஓவர்ஸ்டேபிள் பக்கமாக நகர்த்திவிடுகிறது என்பதை எண்களே காட்டுகின்றன. பீடு விரலுக்குப் பிடிக்கிறதா, உறுத்துகிறதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை எழுத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக்கும் எடையும்

ஒரே வார்ப்பு பல வகைப் பிளாஸ்டிக்கில் வரும். அடிப்படை வகை மலிவானது; இன்னோவாவில் டிஎக்ஸ், டிஸ்க்ராஃப்டில் ப்ரோ-டி. உயர்வகை ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. சாம்பியன், ஸ்டார், இசட், இஎஸ்பி என்ற பெயர்களில் வரும். விலையைவிட முக்கியமான வித்தியாசம், அவை முதுமையடையும் விதம். அடிப்படைப் பிளாஸ்டிக் மரத்தில் மோத மோத முனை நசுங்கி, வாரங்களில் குணம் மாறும். கொஞ்சம் கொஞ்சமாக அண்டர்ஸ்டேபிள் பக்கம் நகரும். உயர்வகை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும்.

இது குறையா? புதிய தோசைக்கல்லில் முதல் தோசை ஒட்டும். பழகிய கல்லில் மணக்க மணக்க வரும். ராக்கைக் காதலிக்கும் பழைய ஆட்டக்காரர்கள் அதை இந்தக் குணத்துக்காகவே கொண்டாடுகிறார்கள். புதியது ஒன்று, பாதி பழகியது ஒன்று, நன்றாகப் பழகியது ஒன்று என்று ஒரே டிஸ்க்கை மூன்று வயதில் பையில் வைத்திருப்பார்கள். கைக்கு ஒரே பிடி. காற்றில் மூன்று விதமான பாதை. ஆனால் முதல் டிஸ்க்குக்கு நான் உயர்வகையைத்தான் சொல்வேன். நீங்கள் மாறிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கும் மாறிக்கொண்டிருந்தால், முன்னேற்றம் யாருடையது என்று தெரியாது.

எடை அடிப்பக்கத்தில் கிராமில் எழுதியிருக்கும். பிடிஜிஏ விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராம் வரைதான் இருக்கலாம். பஸ்ஸ்ஸின் விட்டம் 21.7 செ.மீ.; பெருக்கினால் 180 கிராம். மிட்ரேஞ்சுகளில் 180 என்ற எண் அடிக்கடி தென்படுவது இதனால்தான். கனமானது காற்றில் குறைவாக அலையும். இலேசானது எளிதாக மிதக்கும், எளிதாகத் திரும்பும். பெரியவர்களுக்கு 170 முதல் 177 வரை எதுவானாலும் சரி. குழந்தைகளுக்கும், தோள் வலி உள்ளவர்களுக்கும் 150களில் தேடுங்கள்.

காற்று அடிக்கும் நாள்

டிஸ்க்குக்குத் தரை தெரியாது, காற்று மட்டும்தான் தெரியும். எதிர்க்காற்றில் எறியும்போது, அதைப் பொறுத்தவரை அது அதிக வேகத்தில் போகிறது. வேகம் கூடினால் டர்ன் கூடும் என்று பார்த்தோம். ஆகவே நேராகப் போகும் உங்கள் மிட்ரேஞ்ச் எதிர்க்காற்றில் வலப்பக்கம் புரளும்; பின்காற்றில் சீக்கிரமே இடப்பக்கம் இறங்கும். கையில் ஏதோ கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எதிர்க்காற்றைத் தாங்கத்தான் ராக், கேட்டர் போன்ற பிடிவாதக்கார டிஸ்க்குகள். இரண்டாவதாக வாங்க வேண்டியது அவற்றில் ஒன்று.

வாங்கி வந்தபின்

பாஸ்கெட்டுக்குப் போகாதீர்கள். காற்றில்லாத காலை நேரத்தில் ஒரு திறந்த மைதானத்துக்குப் போங்கள். பாதிப் பலத்தில் பத்து முறை எறியுங்கள். தூரத்தை அளக்க வேண்டாம். 150 அடியே போனாலும் போதும். கடைசி மூன்றில் ஒரு பங்குப் பாதையை மட்டும் பாருங்கள். இடப்பக்கம் மெல்லச் சாய்ந்து தட்டையாக இறங்கினால் கை ஒழுங்காக இருக்கிறது. உயரே ஏறி நின்று விழுந்தால் மூக்கு தூக்கியிருக்கிறது. எறியும்போது மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கி வையுங்கள், சாவியைப் பூட்டில் திருப்புவது போல. வலப்பக்கம் போய்த் திரும்பவே இல்லை என்றால் வெளி விளிம்பு உயர்ந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். ஆறு வாரம் அந்த ஒரு டிஸ்க்கோடு இருங்கள். மற்றவர்கள் எதைச் சொன்னாலும் வேறு வாங்காதீர்கள்.

அப்புறம், முதல் எறிக்கு முன்னால் அழியாத மைப் பேனாவால் அடிப்பக்கத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவிடுங்கள். இந்த ஆட்டத்தில், புதரில் கிடைத்த டிஸ்க்கை எடுத்தவர் உரியவருக்குச் செய்தி அனுப்பிச் சேர்ப்பது வழக்கம். நண்பர் எனக்குக் கொடுத்த அந்தப் பழைய மிட்ரேஞ்ச் இரண்டு முறை தொலைந்தது. இரண்டு முறையும், அதில் எழுதியிருந்த அவருடைய எண்ணுக்கு யாரோ அழைத்துச் சொல்லித்தான் என்னிடம் திரும்பி வந்தது.